குன்னூரில் இறங்கிவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஆபீஸ் தோழிகளோடு மலை ரயிலில் ஊட்டிக்குப் போய், அன்று ராத்திரியே கோயம்புத்தூர் திரும்பப் போவதாக உன் அப்பா சொன்னான். தாராளமாகப் போய் வா. ஆனால் ஊட்டி வரை போகாதே, குன்னூரில் இறங்கிவிடு.

கணக்குப் போட்டுப் பார். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி ஊட்டி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். 2 மணிக்குத் திரும்பும் வண்டி. இடையில் கிடைக்கிற நேரம் ஹோட்டலில் இடம் பிடிக்கவும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசவுமே சரியாய்ப் போகும். இந்தப் பாதையின் விசேஷமெல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். 1899இல் முதலில் ரயில் ஓடியதும் குன்னூர் வரைதான். ஊட்டிக்கு நீட்டியது 1908இல். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள். அதுவும் அழகான வழிதான், மறுக்கவில்லை. ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான்; உன் அப்பா இன்னும் அதைச் சொல்லி உருகுவான். இரவு தங்குகிற மாதிரி போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். எல்லோரும் செல்ஃபிக்கு ஓடுவார்கள். நீ தண்டவாளத்தைக் குனிந்து பார். நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போகும். ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு. ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரம் ஒன்றில் பிடி விடுவதற்குள் மற்றதைக் கவ்விக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. 12 அடி போனால் ஓர் அடி ஏறுகிற சரிவு. வெறும் சக்கரத்தை நம்பினால் வழுக்கிவிடும். இன்ஜினுக்கு எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இடம். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதனால் மேலே போகையில் முதல் பெட்டிக்கு முன்னால் எதுவும் இருக்காது. பிரேக்ஸ்மேன் ஒருவர் கொடியோடு நிற்பார், அவ்வளவுதான். வண்டி ஆள் ஓடுகிற வேகத்தில்தான் ஏறும். ‘எப்போ வரும்’ என்று கேட்கிற தோழி இருந்தால் அவளை பஸ்ஸில் அனுப்பிவிடு.

ஹில்குரோவில் குரங்குகள் ஜாஸ்தி. கையில் தின்பண்டம் தெரியக்கூடாது. பெட்டிக்குள் கழிப்பறை இருக்கும் என்று நம்பாமல் அங்கேயே போய்விடு. வெள்ளைச் சுடிதார் வேண்டாம், இன்ஜின் புகை யாரையும் விடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்.

குன்னூரில் பத்தரை வாக்கில் இறங்குவீர்கள். சிம்ஸ் பூங்காவுக்குப் போங்கள். 1874இல் அமைத்தது, பள்ளத்தாக்குச் சரிவிலேயே படிப்படியாக இறங்கும். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அங்கே பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். மூன்று மணி வாக்கில் கீழே போகிற ரயில் குன்னூருக்கு வரும். டிக்கெட் கிடைத்தால் அதில் வா, கிடைக்காவிட்டால் பஸ். இறங்குவதற்கு பஸ்ஸே போதும் என்பேன். பாதை பார்த்ததுதானே, அதற்குள் உங்களுக்கும் தூக்கம் வந்திருக்கும்.

ஏறுகிற டிக்கெட்டில் மட்டும் அசட்டையாக இருக்காதே. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாலேயே திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அன்றைக்கே உட்கார்ந்து போட்டுவிடு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். பெருமழையில் மண் சரிந்து பாதையை மூடினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், பணம்தான் திரும்ப வரும், எடுத்த லீவு வராது. பிப்ரவரி பார். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போ.

குன்னூரில் வர்க்கி வாங்கினால் உன் பெரியம்மாவுக்கும் அரைக் கிலோ சேர்த்து வாங்கு. பணம் நான் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா