தங்க மீன் வளர்க்கப் போகிறீர்களா?

நாய் வளர்க்க வீட்டில் இடமில்லை. பூனை அம்மாவுக்குப் பிடிக்காது. ஆகவே கண்ணாடிக் குடுவையில் ஒரு தங்க மீன்! இப்படித்தான் பலரும் முடிவு செய்கிறோம். ஆனால் மீன் வேலை வைக்காத பிராணி அன்று.

காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். பசி என்றெண்ணி இன்னும் ஒரு சிட்டிகை தீனி போடுவோம். உண்மையில் அது பெரும்பாலும் மூச்சுத் திணறல். மிஞ்சிய தீனி அழுகும்போது நீரில் எஞ்சியுள்ள ஆக்ஸிஜனும் செலவாகிவிடும்.

நீருக்குள் ஆக்ஸிஜன் புகும் வாசல் அதன் மேற்பரப்புதான். 24 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் குடுவையில் பாதிவரை நீர் ஊற்றினால் மேற்பரப்பு சுமார் 452 சதுர செ.மீ. அழகுக்காக, 12 செ.மீ. அகலமுள்ள கழுத்துவரை நிரப்பினால் 113 சதுர செ.மீ.தான். நீர் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வாசலோ நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது! வெப்பமும் எதிரி. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். தங்க மீனோ குளிர்ந்த நீரை விரும்புவது; ஒரு சாண் நீளம்கூட வளரக்கூடியது. அதற்கு அகலமான தொட்டியும், காற்றுக் குமிழி விடும் சிறு பம்பும் வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

அவ்வளவு இடம் இல்லாதவர்கள் தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட சண்டை மீனைப் பார்க்கலாம். கடைக்காரர் 'ஃபைட்டர்' என்பார். அதன் தலையிலுள்ள தனி உறுப்பு வெளிக்காற்றையே சுவாசிக்கும். ஆனால் அதற்கும் நீர் மாற்றத்தான் வேண்டும். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். கோடை விடுமுறைக்கு நீங்கள் பாட்டி வீட்டுக்குப் போனால் தீனி போடுவது யார் என்பதையும் இப்போதே வீட்டில் கேட்டுவிடுங்கள்.