சொல்லின் தாழ்வும் உயர்வும்

அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுதலை இடக்கரடக்கல் என்பர் இலக்கண நூலார். ஆயின், தகாத சொல் யாது என்பது எக்காலத்தும் ஒருபடித்தாய் நிற்பதன்று. முன்னாளில் நறுமணத்தையும் உணர்த்திய நாற்றம் இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. கள்ளுண்டு மயங்குதலைக் குறித்த களிப்பு, மகிழ்ச்சியென உயர்ந்தது. இவற்றை முறையே இழிபொருட்பேறு, உயர்பொருட்பேறு என்பர்.

இத்தகைய சொற்கள் திரிவதால் எவர் மனமும் புண்படாது. மக்களைச் சுட்டும் சொல் திரியும்போதோ அவ்வாறன்று. இதற்குத் தெமோதரையிலும் ஊவாவின் பிற தோட்டங்களிலும் வாழும் நமக்குக் கூலி என்னும் சொல்லொன்றே சான்றாகும்.

கூலி என்பது உழைப்பின் ஊதியம். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனுக்கு இச்சொல்லையே ஆண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் துரைமார் உழைப்பவரையே கூலி என்றனர். அவ்வாங்கில வழக்கைக் கோலி என்னும் குசராத்தி இனப்பெயரோடு இயைப்பாரும் உளர். பிறப்பு எதுவாயினும், பெரட்டுக்களத்தில் நின்ற ஆணும் பெண்ணும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். தென்னாபிரிக்காவிலே காந்தியடிகளும் கூலி பாரிஸ்டர் எனப்பட்டார்.

இந்நாட்டில் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இங்கேயே பிறந்தவரும் கள்ளத்தோணி எனவும் தோட்டக்காட்டான் எனவும் ஏசப்பட்டனர். அவ்வாறு ஏசியோருள் தமிழ் பேசுவோரும் இருந்தமை வருந்தத்தக்கது.

இந்தியத் தமிழர் என்பது 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அரசு வகுத்த பெயர். மலையகத் தமிழர் என்பதோ, 1960களில் ஆசிரியரும் எழுத்தாளரும் இளைஞரும் பரப்ப, மக்கள் தமக்கெனக் கொண்ட பெயர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்கும் குடியுரிமை பெற வழி திறந்தது.

மொரீசியசிலே கூலித்துறை எனப்பட்ட இறங்குதுறை 1987 இல் ஆப்பிரவாசி காட் எனப் பெயர் மாற்றப்பட்டது. அத்தீவின் கவிஞர் கால் தொராபுல்லியோ கூலி என்னும் சொல்லையே தம் முன்னோரின் பெருமைக்கு உரியதாக்கினார். ஒரு வழி சொல்லை நீக்குவது; மற்றது சொல்லை மீட்பது. எவ்வழியாயினும், தெரிந்துகொள்ளும் உரிமை அச்சொல்லாற் புண்பட்டோர்க்கே உண்டு. அவர் தம்மைத் தாமே அவ்வாறு அழைப்பினும், பிறர் அழைத்தல் முறையன்று.

ஆகவே, இழிவு எழுத்தில் இல்லை. சொல்வோனுக்கும் சொல்லப்படுவோனுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வில் உள்ளது. ஊதியமும் இல்லமும் கல்வியும் உயராது பெயர் மட்டும் உயருமாயின், புதுப்பெயரும் நாளடைவில் வசையாகும். மாணவர்கள் இதனை உளங்கொண்டு, பிறரை அவர் விரும்பும் பெயராலேயே அழைப்பார்களாக.