கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லிக்கு: முதல் செமஸ்டரிலேயே தொடங்கும் கணக்கு

நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் தையலோ கணினியோ சில மாதங்கள் படித்துச் சான்றிதழ் வாங்கும் இடம். அதனால்தான், கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் தன் பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்திருப்பதாகப் போனில் சொன்னால், இங்குள்ள வாப்பாவும் உம்மாவும் "மார்க் குறைஞ்சு போச்சா?" என்று கேட்கிறார்கள். அங்கே நிலைமை வேறு.

அமெரிக்காவின் முதல் அரசு இரண்டாண்டுக் கல்லூரி 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கியது. கலிஃபோர்னியா மாநிலத்தில் மட்டும் இன்று 116 உள்ளன. 1960-இல் அம்மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டம், பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்றும், கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்றும் வைத்தது. அங்கே நன்றாகப் படித்தவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிக்கொள்ளலாம். நம் டிப்ளமா மாணவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்வதைப் போன்றதுதான் இது. முடிவில் பட்டம் தருவது பல்கலைக்கழகமே.

செலவைப் பாருங்கள். மாநிலவாசிக்கு ஒரு யூனிட் பாடத்துக்கு 46 டாலர். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் அதுவும் தள்ளுபடி ஆகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் தனி. அங்கே அரசு தரும் கல்விக் கடனுக்கும் வட்டி உண்டு. வட்டியில் கால் வைக்க விரும்பாத குடும்பத்துக்கு முதல் இரண்டு ஆண்டுச் செலவு இப்படிக் குறைவது சின்ன விஷயமல்ல.

வாசலும் அகலம். லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பள்ளி முடித்து விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மாறி வர விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. பல்கலைக்கழகம் இப்படி எடுத்துக்கொள்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களில் படித்தவர்கள். பள்ளி மதிப்பெண்ணோ எஸ்.ஏ.டி. தேர்வோ இங்கே பேச்சில் வராது.

ஆனால் நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் படம் இவ்வளவு அழகாக இல்லை. கம்யூனிட்டி காலேஜில் சேரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் பட்டம் வரை போக விரும்புகிறார்கள். மாறிச் செல்வது மூன்றில் ஒருவர்தான். ஆறாண்டுக்குள் பட்டம் முடிப்பவர் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில். வேலை, குடும்பச் சுமை, பணம் என்று காரணங்கள் பல. எல்லாம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது காலக்கணக்கு. பெற்றோர் பலர் கவனிக்காததும் அதுதான்.

"இரண்டு வருஷம் இருக்கிறதே, முதல் வருஷம் மெதுவாகப் பழகட்டும்" என்று சொல்வார்கள். 2026 ஆகஸ்டில் சேரும் பிள்ளை 2028-இல் பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் விண்ணப்பம் 2027 அக்டோபர், நவம்பரில் போயாக வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண்கள், கோடையில் படித்திருந்தால் அதுவும். மூன்றாவது செமஸ்டர் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, இரண்டு வருஷம் என்பது பேருக்குத்தான்.

பொறியியல், கணினி அறிவியல் விரும்பும் பிள்ளைக்கு இது இன்னும் இறுக்கம். கால்குலஸ் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, பல மாறிக் கால்குலஸ் என்று ஒன்று முடித்தால்தான் அடுத்தது. அதோடு லீனியர் அல்ஜீப்ராவும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் உண்டு. முதல் செமஸ்டரில் கால்குலஸுக்கு முந்தைய பாடத்தை எடுத்தால் நாலாவது செமஸ்டரில் பல மாறிக் கால்குலஸில்தான் வந்து நிற்பார். மீதிக்குக் கோடை வகுப்பு வேண்டும், இல்லையேல் மூன்றாவது ஆண்டு. இயற்பியலும் கால்குலஸைப் பிடித்துக்கொண்டே வருவதால் அதுவும் பின்தங்கும். முதல் செமஸ்டருக்கு முந்தைய கோடையிலேயே அந்தப் பாடத்தை முடித்துவிடுவது நல்லது.

எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதற்கு 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளம் இருக்கிறது. படிக்கும் கல்லூரி, போக விரும்பும் வளாகம், துறை மூன்றையும் கொடுத்தால் பாடத்துக்குப் பாடம் காட்டும். அர்வைன் கேட்பதும் பெர்க்லி கேட்பதும் ஒன்றாக இருக்காது. நண்பன் எடுத்தான் என்று எடுத்த பாடம் வீணாகலாம். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கல்லூரி மாறியவர்கள் படித்த யூனிட்டுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள். நாடு தழுவிய கணக்கு இது. அரசு, தனியார் எல்லாம் இதில் சேரும். 'கால்-கெட்க்' என்ற பொதுப்பாடத் தொகுப்பை முடித்தால் போதும் என்பாரும் உண்டு. பொறியியலுக்கு அது போதாது. துறைப் பாடங்களே முதலில்.

இன்னொரு வசதி, உறுதிச் சேர்க்கை. டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்குச் செப்டம்பர் மாதத்தில் மனுப் போடலாம். கேட்ட பாடமும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி. சில துறைகள் இதில் கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ இதற்குள் வருவதில்லை. பெர்க்லிதான் கனவு என்று இருக்கும் பிள்ளையும் இதைப் போட்டு வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. போட்டதால் பெர்க்லிக்கு விண்ணப்பிப்பது தடைபடாது.

தனியார் பல்கலைக்கழகங்களில் ஸ்டான்ஃபோர்ட் போன்றவை மிகச் சிலரையே இப்படி எடுக்கின்றன. பிரின்ஸ்டன் நீண்ட காலம் நிறுத்தி வைத்து 2018-இல் மறுபடி தொடங்கியது. வசதியில்லாத, மதிப்பெண் நிறைந்த பிள்ளைகள் ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் உதவித்தொகையைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறார்கள். போட்டி கடுமை.

இங்கிருந்து மாணவர் விசாவில் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 46 டாலர் உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு யூனிட் அதைப்போலப் பல மடங்கு. பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகும் வெளியார் கட்டணமாக ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். மாநிலவாசிக்குரிய தள்ளுபடியும் கிடைக்காது. "அமெரிக்காவில் மலிவாகப் படிக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், நாலு ஆண்டுக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதன் பிறகு வீட்டில் பேசுங்கள்.