3 செ.மீ. வித்தியாசம் மெய்தானா?

ஐந்து தொட்டிகளில் வெறும் மண். வேறு ஐந்தில் மண்ணோடு தொழு உரம். எதற்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிட்டு, பத்திலும் ஒரே நாளில் பச்சைப்பயறு விதைக்கிறீர்கள். சில நாள் கழித்து அளந்தால், உரமில்லாச் செடிகளின் சராசரி உயரம் 12 செ.மீ.; உரமிட்டவற்றின் சராசரி 15 செ.மீ. எனக் கொள்வோம். ‘உரத்தால் 3 செ.மீ. கூடியது’ என்று அறிவியல் கண்காட்சி அட்டையில் எழுதிவிடலாமா?

சற்றுப் பொறுங்கள். ஒரே மண்ணில் வளரும் இரண்டு செடிகள்கூட ஒரே உயரம் இருப்பதில்லை அல்லவா? எதற்குமே உரமிடாமல் ஐந்தைந்தாகப் பிரித்திருந்தாலும் இரு சராசரிகளும் கொஞ்சம் வேறுபட்டிருக்கும். அப்படியானால் இந்த 3 செ.மீ. உரத்தின் வேலையா, தற்செயலா? சராசரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உயரங்கள் எப்படிச் சிதறியுள்ளன என்று பார்க்க வேண்டும்.

உரமில்லாதவை 10, 11, 12, 13, 14. உரமிட்டவை 13, 14, 15, 16, 17 என்றிருக்கட்டும். முதல் குழுவில் ஒவ்வொரு செடியும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 4+1+0+1+4=10. இதை, செடிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, 4ஆல் வகுத்தால் 2.5. இரண்டாம் குழுவுக்கும் அதுவே வருகிறது. இரண்டையும் தனித்தனியே 5ஆல் வகுத்துக் கூட்டினால் 0.5+0.5=1. வர்க்கமூலமும் 1. சராசரிகளின் வித்தியாசம் தற்செயலால் எவ்வளவு ஆடக்கூடும் என்பதற்கு இதுதான் அளவுகோல். 3ஐ இதனால் வகுத்தால் 3. இவ்விடையை ‘டி’ மதிப்பு என்பர்.

மொத்தம் 10 செடிகள். சராசரிக்கு ஒன்று வீதம் இரண்டைக் கழித்தால் 8. டி அட்டவணையில் 8க்கு நேரே, 5 சதவீதத்தின் கீழ் இருப்பது 2.306. நம் விடை அதைவிடப் பெரிது. அதாவது, உரத்துக்கு எந்த விளைவுமே இல்லை என்றால், இவ்வளவு பெரிய டி மதிப்பு 100 தடவையில் 5 தடவைகூட வராது.

இந்தக் கணக்கின் மூலவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட். பார்லிச் சோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை சில அளவுகளே. தம் சூத்திரத்தைச் சரிபார்க்க, 3000 பேரின் அளவுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்தார். கணிப்பொறி இல்லாத காலம்! 1908இல் கட்டுரை வெளியானபோது, ஊழியர் சொந்தப் பெயரில் எழுத ஆலை இடந்தராததால், ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன், என்று கையொப்பமிட்டார். உங்களில் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ரொனால்ட் ஃபிஷர் இம்முறையை இரு தனிக் குழுக்களை ஒப்பிடவும் விரிவாக்கினார்.

இனி வேறு உயரங்கள்: 4, 8, 12, 16, 20, மற்றதில் 7, 11, 15, 19, 23. சராசரிகள் அதே 12, 15தான். ஆனால் 2.5க்குப் பதில் 40 வருகிறது; அளவுகோல் 4 ஆகிறது; டி வெறும் 0.75! கண்காட்சி அட்டையில் அந்த வாக்கியத்தை எழுத உங்களுக்கு உரிமையில்லை. உரம் பயனற்றது என்று எழுதவும் உரிமையில்லை. ஐந்து செடிகளால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, அவ்வளவே.

இவ்வளவு சிதறல் இருந்தால், அளவுகோலை மீண்டும் 1க்குக் கொண்டுவரக் குழுவுக்கு 80 தொட்டிகள் வேண்டும், போட்டுப் பாருங்கள். அத்தனைக்கு இடமேது? பத்துத் தொட்டிகளுக்கும் ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர், ஒரே பருமனுள்ள விதை கொடுத்துச் சிதறலைக் குறைப்பதே எளிது.