சூரியன் ஒரு சல்லடை

ராத்திரி பைக்ல போறப்போ பூச்சி வந்து முகத்துல அடிக்கும். பூச்சி ஒண்ணும் வேகமா வரலை, வேகம் நம்மளோடது. விண்மீனிடைத் தூசும் அப்படித்தான். நம்ம சூரியன் கிரகங்களையும் கூட்டிக்கிட்டு, ஒரு மெல்லிய வாயு மேகத்துக்குள்ள நொடிக்குச் சுமார் 26 கி.மீ. வேகத்துல போயிட்டிருக்கு. அந்த மேகத்தோட தூசு நமக்கு எதிர்க்காத்து மாதிரி ஒரே திசையிலிருந்து வருது.

1992-ல் வியாழனைக் கடந்த யுலிசிஸ் விண்கலம் இந்தத் துகள்களைப் பதிவு செய்தது. இது வெளியூர்த் தூசுதான்னு எப்படிச் சொல்றது? வியாழன் இருக்கும் தூரத்தில் சூரியனோட பிடியிலிருந்து தப்பிக்க நொடிக்கு 18.5 கி.மீ. போதும். 26-ல் வர்ற துகளைச் சூரியனால் பிடிச்சு வைக்க முடியாது. அப்போ அது இங்கேயே சுத்திட்டிருந்த தூசு இல்லை.

உள்ளே வந்த துகள் மேல் மூன்று விசைகள் வேலை செய்யும். துகளின் ஆரம் r என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஈர்ப்பு: நிறையைப் பொறுத்தது, அதாவது r³.
2. ஒளி அழுத்தம்: வெயில் படும் பரப்பைப் பொறுத்தது, r².
3. காந்த விசை: புற ஊதாக் கதிர் பட்டு எலக்ட்ரான்களை இழந்த துகளில் நேர் மின்னூட்டம் ஏறும். அது ஏறக்குறைய r.

மூன்றையும் நிறையால் வகுத்துப் பாருங்க. ஈர்ப்பு முடுக்கம் எல்லாத் துகளுக்கும் ஒண்ணுதான். ஒளியின் தள்ளல் 1/r, காந்தத் தள்ளல் 1/r². துகள் சின்னதாக ஆக, ஈர்ப்போட கை இறங்கிடும்.

அதனால் ஒரு மைக்ரானுக்கு மேல் இருக்கிற துகள் சூரியனை நோக்கி வளைஞ்சு உள்ளே வரும். அதில் பாதிக்கும் குறைவான துகளை வெளிச்சமே தடுத்துத் திருப்பிவிடலாம். இன்னும் பொடியானது சூரியக் காந்தப்புலத்தின் எல்லையிலேயே விலகிப் போயிடும். சிவில் லேப்ல மண்ணைச் சலிக்கும்போது பொடி கீழே இறங்கும், பெரிசு மேலே நிற்கும். இங்கே நேர் எதிர்.

இதில்தான் சிக்கல். சனியைச் சுற்றிய காசினி, லட்சக்கணக்கான பனித்துகள்களுக்கு நடுவே அடையாளம் கண்ட விண்மீனிடைத் துகள்கள் வெறும் 36. ஸ்டார்டஸ்ட் கொண்டுவந்ததில் 7 துகள்கள் அப்படி இருக்கலாம்னு 2014-ல் அறிவிச்சாங்க. கைக்கு வந்தது சலித்த மிச்சம். அதை வச்சு, நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற தூசு எல்லாமே இப்படித்தான்னு முடிவு கட்டக் கூடாது. சல்லடையோட கணக்கையும் சேர்த்துக்கணும்.

அந்தச் சல்லடையும் நிலையா இருக்காது. சூரியனின் காந்தப்புலம் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை தலைகீழாகும். ஒரு சுற்றில் பொடித் துகள்களைக் கிரகங்கள் சுற்றும் தளத்தை நோக்கிக் குவிக்கும், அடுத்த சுற்றில் விரட்டும். நெப்டியூன் தூரமான 450 கோடி கி.மீ.யை 450 கோடி ÷ 26 என்று வகுத்துப் பாருங்க: ஒரு துகள் சூரியனை நெருங்க ஏறக்குறைய ஐந்தரை வருஷம். பி.இ. முடிச்சு அரியரையும் கிளியர் பண்ற காலம். அதுக்குள்ள பாதி வழியில் காந்தப்புலமே கட்சி மாறியிருக்கலாம்.