கையெழுத்துக்கு ஒரு கோடு

மாரியூர்,
பங்குனி, புதன்கிழமை.

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை மதினியும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. மதுரையில் அந்த முதியோர் இல்லம் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஏ.சி. அறை, கைப்பிடி வைத்த கழிப்பறை, வாசலில் பிள்ளையார், பின்பக்கம் புல்தரை. மதினி கடைசிப் படத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்த கேட்டை ராத்திரி மட்டும் பூட்டுவாகளா, பகல்லயும் பூட்டுவாகளா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் சமூகநலத் துறையில் குப்பை கொட்டிய அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை.

சேர்க்கைப் படிவத்தையும் படித்தாயிற்று. ஆறு பக்கம். மாதக் கட்டணம், முன்பணம், கட்டணம் தவறினால் என்ன, உயிர் போனால் யாருக்குத் தகவல், எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டே கையெழுத்து: ஒன்று மகன், இன்னொன்று மேலாளர். அங்கே போய் வாழப்போகிறவள் கையெழுத்துப் போட இடமில்லை. அறிவொளி இயக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து, அதற்கப்புறம் பேங்கில் கைநாட்டு வைக்கவே மாட்டேன் என்று நின்றவள் உன் அம்மா.

முதியோர் இல்லமே வேண்டாம் என்று சொல்ல அத்தை இதை எழுதவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதும் அவள் கவலை இல்லை. ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த மதினியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஆனது. நீ மஸ்கட்டில், உன் தங்கை திருப்பூரில், அத்தைக்கோ முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆள் துணை இருக்கிற இடத்தில் அவள் இருப்பது நல்லதுதான். அங்கே என்ன அந்தஸ்தில் போகிறாள் என்பதுதான் பேச்சு.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. இங்கிருந்து கிழக்கே, வாலிநோக்கம் தாண்டினால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், அங்கே மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. படுத்திருந்தவர்களின் கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். நீ அப்போது பள்ளிக்கூடப் பையன். சாயல்குடி கடைத்தெருவில் அன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது உனக்கு நினைவிருக்காது. உச்ச நீதிமன்றம் யாரும் மனுப்போடாமல் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியும் வைத்துவிட்டார்கள்.

அத்தைக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறு. அந்தக் காப்பகங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள். அந்த வீட்டாரைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி தெரியாதவர்கள். பணமும் கட்டினார்கள். உள்ளே ராத்திரி என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

முதியோர் இல்லத்தில் சங்கிலி இருக்காது. ஆனால் கட்டிலின் பக்கக் கம்பியை ராத்திரி முழுக்க ஏற்றிவைத்து இறங்கவிடாமல் செய்யலாம். நடக்கிற கிழவிக்கும் டயப்பர் மாட்டிவிட்டால் ஆயாவுக்கு வேலை மிச்சம். ராத்திரி கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறவருக்கு ஒரு தூக்க மாத்திரை. செல்போன் 'பத்திரமாக' ஆபீஸ் அலமாரியில். இதையெல்லாம் தடுப்பதற்கென்றே அமெரிக்காவில் 1987இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஊழியர்களின் வசதிக்காக ஒருவரைக் கட்டிவைக்கவோ மருந்து கொடுத்து மயக்கிவைக்கவோ கூடாது. வருகிற கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். வெளியேற்றுவதானால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தங்கியிருப்பவர்கள் கூடி ஒரு மன்றம் வைத்துக் குறை சொல்லலாம். அங்கேயும் மீறல்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் மீறியது எது என்று விரல் வைத்துக் காட்ட ஒரு தாள் இருக்கிறது.

நம்மிடம் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. இந்தச் சட்டம் பிள்ளைகளின் கடமையை நன்றாகவே பேசுகிறது. வயதான பெற்றோரைக் கைவிட்டு விட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. பராமரிப்புத் தொகை மாதம் 10,000 வரை. கடலாடி தாலுகாக்காரர்கள் மனுவைப் பரமக்குடி கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். 90 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்களையும் இது கட்டும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மஸ்கட் என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதே! (சும்மா சொன்னது. உன்னை அத்தைக்குத் தெரியும்.)

இல்லத்துக்குள்ளே ஒருவர் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று வருகிற இடத்தில்தான் சட்டத்துக்குக் குரல் இறங்கிவிடுகிறது. இல்லங்களுக்குப் பதிவும் தர வரையறையும் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வைத்தார்கள். நிறைவேறாமலே கிடந்து, 2024இல் மக்களவை கலைந்தபோது செல்லாமல் போனது. தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஆட்சியர்கள் அவ்வப்போது அறிக்கை விடுகிறார்கள். ஆகவே முதலில் பதிவுச் சான்றிதழைக் கேள். எடுத்துக் காட்டத் தயங்கினால் புல்தரையைப் பார்க்காமல் திரும்பிவிடலாம்.

சட்டம் சொல்லாததைப் படிவத்தில் எழுதி வாங்க வேண்டும். கேட் எப்போது பூட்டப்படும், வெளியே போக யாரிடம் சொன்னால் போதும்; போன் அவள் கையில் இருக்குமா; புது மாத்திரை கொடுத்தால் எதற்கென்று அவளுக்குச் சொல்வார்களா; சொல்லாமல் கொள்ளாமல் அத்தை ஒரு மத்தியானம் போய் நின்றால் உள்ளே விடுவார்களா; இடையில் கிளம்பினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும். அண்ணன் உப்புக் கழகத்தில் உழைத்ததற்கு வருகிற குடும்ப பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம்தான். அந்த ஏ.டி.எம். கார்டு மேலாளர் மேஜைக்குப் போகக் கூடாது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அடிக்க, 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அவள் போனிலேயே பதிந்து கொடுத்தாயிற்று. ஒருமுறை அடித்தும் பார்த்தாள், எடுக்கிறார்களா என்று. எடுத்தார்கள், இவள் பயந்து வைத்துவிட்டாள்.

மதினிக்கும் சொல்ல வேண்டியதைச் சொன்னாயிற்று. அவளை மட்டும் அத்தை விட்டுவிடுவாளா?

வேலையில் இருந்த காலத்தில் ஓர் இல்லத்தைப் பார்வையிடப் போனபோது, ஒரு பாட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சமைக்க வந்த புதுப் பெண் எந்தத் தெருவென்று விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான் காரணம். அந்தப் பெண்தான் தினமும் பாட்டியின் மலச்சட்டியையும் எடுக்கிறாள். அதற்குத் தீட்டில்லை, சோற்றுக்கு உண்டாம். அத்தை அன்றைக்குச் சட்டம் எதுவும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் கையால் அதே சோற்றை வாங்கிப் பாட்டி எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பாட்டி மசியவில்லை. மூன்றாம் நாள் பசி மசிய வைத்தது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவளை 'ஏய்' என்பதும், அவள் சாதியைக் கிளறுவதும், காணாமற்போன மூக்குப்பொடி டப்பாவுக்கு அவள்மேல் சந்தேகப்படுவதும் வயதானவர்களுக்குக் கொடுத்த சலுகை இல்லை. மதினி இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டுக்கொண்டாள் என்றுதான் அர்த்தம்.

அடுத்தது கருப்பட்டி. சர்க்கரை 300ஐத் தொட்டாலும் முந்தானையில் ஒரு துண்டு முடிந்திருக்கும். அதை டாக்டரிடம் மறைத்தால் அவர் தப்பான அளவில் மருந்து எழுதுவார். பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டாயிற்று. வெளியே போனால் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும், பக்கத்துக் கட்டிலுக்குத் தூக்கம் வந்தால் சீரியல் சத்தத்தைக் குறைக்க வேண்டும்: இதற்கெல்லாம் சரி என்றுவிட்டாள்.

அவளிடம் இன்னோர் இடத்தைப் பற்றியும் சொன்னாயிற்று. கடலூர் பக்கம் தாமரைக்குளம் என்று ஒரு முதியோர் கிராமம், சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா தொடங்கியது. ஆதரவில்லாத முதியவர்கள் இருக்கிற இடம். தோட்டமோ அடுப்படியோ, முடிந்ததைச் செய்கிறார்கள். மதினி அதைக் கேட்டதும், "அங்க முருங்கை நட விடுவாகளா?" என்றாள். உன் புல்தரை இல்லத்திலும் இதை விசாரி.

இனி வீட்டு விஷயம். 'அம்மா மதுரைக்குப் போகுமுன் வீட்டை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாமே' என்று நீ எழுதியதைப் படித்ததும் அத்தைக்குக் கோபம் வந்தது உண்மை. நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பத்திரச் செலவை நினைத்து எழுதியிருப்பாய். ஆனால் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு இல்லத்துக்குப் போகிறவளுக்குத் திரும்பி வர வாசல் இல்லை. அப்புறம் அங்கே சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லக்கூட யோசிப்பாள். 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. 2025 ஜனவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், அந்தப் பிரிவை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில், நிபந்தனையைப் பத்திரத்தில் தனியாக எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது என்றது சென்னை உயர் நீதிமன்றம். தீர்ப்புகள் நல்லவைதான். ஆனால் வயதானவள் கோட்டாட்சியர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து வாங்கிய நியாயம் அது. அம்மா விரும்பினால் உயில் எழுதட்டும். உயிலை அவள் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். வீடு அவள் பெயரிலேயே கிடக்கட்டும், சாவியும் அவள் இடுப்பிலேயே.

உன் பங்கு கட்டணத்தை முதல் வாரமே கட்டுவதோடு தீராது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சம்மதம் கேட்டால் யார் ஓடுவது? படிவத்தில் அந்த இடத்தில் அத்தை பெயரைப் போடு. உன் தங்கை பெயரையும் சேர்த்துப் போடு.

மதினி சொல்லி அனுப்பிய முடிவு இதுதான். சித்திரைத் திருவிழாவில் பூவேந்தியநாதர் கடற்கரையில் வலைவீசும் படலத்தைப் பார்க்காமல் அவள் நகரமாட்டாள். அது முடிந்த மறுநாள் ஒரு மாதத்துக்கு மட்டும் போய்ப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் பஸ் ஏறிவிடுவாள். பிடித்திருந்தாலும் அடுத்த சித்திரைக்கு வருவாள். கோழிகள் அதுவரை அத்தை வீட்டில்.

மேலாளரிடம் பேசியாயிற்று. கடைசிப் பக்கத்தைத் திருத்தி அச்சடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை பழைய படிவத்திலேயே, உன் பெயருக்கு மேலே, பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள் அத்தை. மதினி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கையெழுத்தை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோடு போதாது, இன்னும் கொஞ்சம் நீட்டமாகப் போடு என்கிறாள்.

இப்படிக்கு,
அத்தை