முதுமையும் நற்பழக்கமும்

நீண்ட ஆயுள் என்பது பிறவியிலேயே அமைவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிடம், "இனிப் பழக்கத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்றும் சொல்லிவிடுகிறோம். இது சரியா என்று பார்ப்போம்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,810 பேரை ஆராய்ச்சியாளர்கள் 1987 முதல் 18 ஆண்டுகள் கவனித்து வந்தனர். முடிவுகள் 2012இல் வெளியாயின. நடை, நீச்சல், உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவறாது செய்தவர்கள் மற்றவர்களைவிட 2 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தனர். புகைபிடித்தவர்கள் ஓராண்டு முன்னதாக இறந்தனர். ஆனால், முன்பே புகையை விட்டவர்கள், ஒருபோதும் புகைக்காதவர்களைப் போலவே வாழ்ந்தனர். நற்பழக்கம், மனத்துக்குப் பிடித்த பொழுதுபோக்கு, உற்றார் நண்பர் தொடர்பு ஆகிய மூன்றும் உடையவர்கள், இவை இல்லாதவர்களைவிடச் சுமார் 5 ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தனர். 85 வயதைக் கடந்தவர்களிடமும் இவ்வேறுபாடு 4 ஆண்டுகள் இருந்தது!

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள், நூறு வயதைக் கடந்த பின்னும் தம் நிலத்தில் இயற்கை வேளாண்மை செய்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2024இல் அவர் காலமானார். ஒருவரை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாதுதான். ஆயினும், அவர் வாழ்வு ஆராய்ச்சியின் முடிவோடு ஒத்துப்போகிறது அன்றோ?

இனி, நம் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பார்ப்போம். நாற்று நட்டும், களை பறித்தும், வரப்பில் நடந்தும் உழைத்தவர்கள் நம் ஆயாக்களும் தாத்தாக்களும். இன்று நாம் அன்பு மிகுதியால், "ஆயா, நீ சும்மா உட்காரு" என்கிறோம். கையிலிருந்த முறத்தையும் வாங்கிவிடுகிறோம். பிறகு தொலைக்காட்சிக்கு முன் தனியே விட்டுவிடுகிறோம். வேலையும் போயிற்று, பேச்சுத் துணையும் போயிற்று! சுருட்டும், புகையிலையும், சாராயமும் மட்டும், "வயதானவர்தானே" என்ற சலுகையால் நின்றுவிடுகின்றன.

எனவே, தோழியரே, நாம் செய்யத்தக்கவை சில உள்ளன. மாலையில் அவர்களை ஏரிக்கரை வரை நடத்தி அழைத்துச் செல்வோம். நோயுள்ளவராயின் மருத்துவரைக் கேட்டுச் செய்வோம். கீரை ஆய்தல், பூத்தொடுத்தல் போன்ற வேலைகளை அவர்களிடமே விடுவோம். புகையிலையை விடும்படி அன்போடு வேண்டுவோம். நாள்தோறும் சிறிது நேரம் அருகில் அமர்ந்து பேசுவோம்.

இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். முதியோரின் ஆயுளில் ஒரு பங்கு நம் கையிலும் உள்ளது என்பதை உணர்ந்து நடப்போமாக!